சிலிண்டர் ஹெட் விரிசல்: தொழில் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த பிழைகளையே இன்று பட்டறைக்கு வரும் பிள்ளைகளும் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சிலிண்டர் ஹெட் என்பது என்ஜினின் மேல் மூடி; அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கெட். தண்ணீர் அளவு பார்க்காமல் வண்டியை எடுப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

கேஸ்கெட்டின் மேல் பழி போட்டு, ஹெட்டைச் சோதிக்காமல் மாட்டுவது

வெளியே கசிவே இல்லாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. குளிர்ந்த என்ஜினை இயக்கிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுகிறது. மூடியைத் திறந்து வைத்து இயக்கினால் தண்ணீரில் குமிழிகள் ஓயாமல் எழுகின்றன. என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்பதில்லை. ஆயில் வெளுத்துக் குழம்பிவிடுகிறது. இந்த அறிகுறிகள் ஹெட் கேஸ்கெட் போனாலும் வரும், ஹெட்டில் விரிசல் விழுந்தாலும் வரும். கேஸ்கெட் விலை குறைவு என்பதால் பழகுபவர் மனம் அதையே காரணமாக எடுத்துக்கொள்கிறது.

விரிசல் பெரும்பாலும் விழுவது உள்வால்வு சீட்டுக்கும் (வால்வு வந்து அமரும் வளையம்) வெளிவால்வு சீட்டுக்கும் நடுவே உள்ள குறுகலான பகுதியில். அதன் ஒரு பக்கம் எரியும் வாயு, மறுபக்கம் தண்ணீர். சூட்டில் விரிய முயலும் உலோகம் சுற்றியுள்ள பகுதியால் நெருக்கப்பட்டு, ஆறும்போது இழுபடுகிறது. இது ஓயாமல் நடக்கும்போது அங்கே மயிரிழை போலப் பிளவு தொடங்குகிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தால், ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழியில் உப்பு படிந்து, சூடு தண்ணீருக்குக் கடத்தப்படாமல் போகும். விரிசலும் விரைவில் வந்துவிடும்.

சேற்றுழவுக் காலத்தில் ஒரு டிராக்டர் எங்கள் பட்டறைக்கு வந்தது. அதற்கு முன்பே வேறோர் இடத்தில் இரண்டு முறை கேஸ்கெட் மாற்றி, இரண்டு முறையும் ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பரப்பைச் சீவியிருந்தார்கள். காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்திச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் சோதித்தபோது, வால்வு சீட்டின் அடியில் ஓடிய விரிசலிலிருந்து குமிழி வந்தது. முதல் முறையே பார்த்திருந்தால், மரை ஊசிகளால் அடைக்கும் தையல் முறையில் சரிசெய்திருக்கக்கூடிய ஹெட் அது. அதற்குள், சீவிச் சீவி, அதன் தடிமன் அனுமதித்த அளவுக்குக் கீழே போயிருந்தது. தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடியதால் மெயின் பேரிங்குகளும் தேய்ந்துவிட்டன. சிறு செலவில் முடிய வேண்டியது முழு என்ஜின் வேலையாக மாறியது, அதுவும் உழவு நேரத்தில். அந்த விவசாயியின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

சோதனை கடினமானதன்று. தண்ணீர் துளைகளைத் தகடும் ரப்பரும் வைத்து இறுக மூடி, 30 முதல் 60 பிஎஸ்ஐ வரை காற்றேற்றி, ஹெட்டை வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். வெந்நீர் என்பது முக்கியம்: குளிர்ந்த நிலையில் மூடிக்கொண்டிருக்கும் பிளவு சூட்டில்தான் வாய் திறக்கும்.

கொதித்த என்ஜினில் பச்சைத் தண்ணீர்

ஊற்றவே ஊற்றாதீர்கள், தானாக ஆற விடுங்கள்.

போல்ட் துளையில் தேங்கிய ஆயில்

அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்க, அதன் மேல் போல்ட்டை முறுக்கினால், வெளியேற வழியில்லாத அந்தத் திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். துளைகளைக் காற்றடித்து, துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் ராடு

வார்ப்பிரும்பில் சுமார் 2 முதல் 4 சதவீதம் கரி இருக்கிறது. சாதாரண இரும்பு ராடால் பற்றவைத்தால், பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் கெட்டியாகி, ஆறும்போதே பக்கத்தில் புதுப் பிளவு விழும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, முன்கூட்டியே சீராகச் சூடேற்றி, நிக்கல் ராடால் சிறு சிறு துண்டுகளாகப் பற்றவைத்து, ஒவ்வொன்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, பிறகு காய்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். இதைவிட, சூடே ஏற்றாமல் மரை ஊசிகளை ஒன்றையொன்று கவ்வும்படி வரிசையாகத் திருகி அடைக்கும் தையல் முறையையே நான் விரும்புகிறேன்.

அலுமினிய ஹெட்டில் காந்தப் பொடி

அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது; அதனால் விரிசல் தேடும் காந்தப் பொடி அங்கே பயன்படாது. ஊடுருவும் சிவப்புச் சாயத்தால் பாருங்கள்.

கிராங்க், கனெக்டிங் ராடு

பிஸ்டனோடு சேர்ந்து இயங்கும் இந்தப் பாகங்களில் விரிசல் கண்டால் மாற்றிவிடுங்கள்.

பழுது பார்த்த பிறகு வரிசை தவறுவது

பலர் விரிசலை அடைத்தவுடன் சீவுவதற்கும் வால்வு சீட் போடுவதற்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சோதிக்கிறார்கள். அப்போது குமிழி வந்தால் அந்தச் செலவெல்லாம் வீண். அடைத்தவுடன் ஒரு முறை, எல்லாம் முடிந்தபின் இன்னொரு முறை வெந்நீரில் சோதியுங்கள். மாட்டுவதற்கு முன் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், விசிறி பெல்ட், டீசல் சொட்டும் நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். சூடேறியதற்கான காரணம் அப்படியே இருந்தால், தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும்.