ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு சொல்றாங்களா? ஹெட்டை இறக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

வண்டி ஓவர்ஹீட் ஆகுதுன்னு கொண்டுபோய் விட்டா, பானட்டைத் தூக்கி ஒரு பார்வை பாத்துட்டு "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்"னு சொல்லிடற பட்டறைங்க நிறைய இருக்கு. ஹெட்னா என்ஜினோட மேல் பாகம், அதுக்கு அடியில கசியாம அடைச்சு நிக்கற தகடுதான் ஹெட் கேஸ்கெட். அவங்க சொல்றது சில நேரம் உண்மைதான். ஆனா ஒரு டெஸ்ட் கூட பண்ணாம சொல்றத நம்பி ஹெட்டைக் கழட்ட விட்டீங்கன்னா, கேஸ்கெட் நல்லா இருந்தாலும் மாத்தித்தான் ஆகணும், ஏன்னா ஒரு தடவை கழட்டின கேஸ்கெட்டை திரும்ப போட முடியாது, போல்ட்டும் பல வண்டில புதுசுதான் போடணும், மொத்த கூலியும் உங்க தலையில.

எங்க பக்கத்து வீட்டு மாமா வண்டிக்கு இதேதான் சொன்னாங்க. தண்ணி குறையுது, வெளிய எங்கயும் ஒழுகல, அப்ப கேஸ்கெட்தான்னு. நான் மாமாகிட்ட "ஒரே ஒரு நாள் பொறுங்க, காலைல நான் வந்து பாக்கறேன்"னு சொல்லிட்டு மறுநாள் ஆறு மணிக்கு போய் பாத்தா ஆயில் சுத்தமா இருக்கு, ரேடியேட்டர் தண்ணில குமிழி இல்ல, ஸ்பார்க் பிளக் நாலும் ஒரே கலர்ல இருக்கு. ரேடியேட்டர் மூடியை கையில எடுத்து திருப்பினா உள்ள இருக்கற ரப்பர் ஓரமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அந்த மூடி பிரஷரைப் பிடிக்கல, சூடானதும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்கற தண்ணி, ஓவர்ஃப்ளோ டப்பாவுக்குப் போய் நிரம்பி கீழ ஊத்திடுது, என்ஜின் ஆறும்போது திரும்ப இழுக்கல. மூடியை மட்டும் மாத்தினோம். அதுக்கப்புறம் தண்ணி குறையவே இல்ல.

என் வண்டி கதை வேற. கொல்லிமலை ஏறும்போது, எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கு தெரியும்ல, நடுவுல எங்கயோ ரேடியேட்டர் ஃபேன் மோட்டர் நின்னுடுச்சு, டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு மேல ஏறறத நான் கவனிச்சப்பவே சிவப்பைத் தொட்டிருந்தது, நிறுத்த இடம் பாத்து இன்னும் ரெண்டு மூணு வளைவு ஏத்திட்டேன். அன்னைக்கு ஆற வெச்சு தண்ணி ஊத்தி வீடு வந்துட்டோம். ஆனா அடுத்த வாரத்துல இருந்து அரை லிட்டர், அரை லிட்டரா கூலன்ட் காணாம போக ஆரம்பிச்சுது.

முதல்ல இந்த கேஸ்கெட் என்ன வேலை பண்ணுதுன்னு புரிஞ்சுக்கணும், அப்பதான் அறிகுறி புரியும். கீழ பிளாக், மேல ஹெட், நடுவுல இந்த தகடு. இப்ப வர்ற வண்டில பெரும்பாலும் ரெண்டு மூணு ஸ்டீல் ஷீட்டை அடுக்கி செஞ்சது. சிலிண்டர்ல வெடிக்கற கேஸ், ஓடற ஆயில், சுத்தற கூலன்ட், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம இது ஒண்ணுதான் தடுத்து நிக்குது. ஹெட் அலுமினியம், சூடானா நிறைய விரியும், பிளாக் இரும்பா இருந்தா அவ்ளோ விரியாது. அளவுக்கு மீறி சூடாகும்போது ஹெட் லேசா வளைஞ்சுடுது, கேஸ்கெட்டோட பிடி அந்த இடத்துல விட்டுடுது.

எந்த இடத்துல பிடி விட்டுதோ அதைப் பொறுத்துதான் அறிகுறி. சிலிண்டருக்கும் தண்ணி ஓட்டைக்கும் நடுவுல விட்டா குமிழி வரும், வெள்ளைப் புகை வரும், ஆனா ஆயில் பளிச்னு சுத்தமா இருக்கும். ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல விட்டா தண்ணியே குறையாது, மிஸ்ஸிங் மட்டும் அடிக்கும், அதாவது என்ஜின் விட்டு விட்டு ஓடும். ஆயிலும் தண்ணியும் கலக்கற இடத்துல விட்டாதான் அந்த பால் காபி கலர் ஆயில். அதனால "ஆயில் மட்டம் பாக்கற கம்பி, அதான் டிப் ஸ்டிக், சுத்தமா இருக்கு, கேஸ்கெட் ஓகே"ன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அதே மாதிரி ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கறத பாத்து பயப்படவும் வேண்டாம், தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டற வண்டில, மழைக்காலத்துல, மலை ஊர்ல எல்லாம் ஈரம் ஆவியாகாம அங்க அப்படித்தான் படியும். நல்லா ஒரு மணி நேரம் ஹைவேல ஓட்டிட்டு வந்தா அது போயிடும். டிப் ஸ்டிக்லயே பால் கலர் தெரிஞ்சா, ஆயில் மட்டம் ஊத்தாமலே ஏறியிருந்தா, அதுதான் கவலை.

சரி, டெஸ்டுக்கு வருவோம். எல்லாமே ராத்திரி முழுக்க நின்ன வண்டில, காலைல, ஸ்டார்ட் பண்ணாம ஆரம்பிக்கணும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க, உள்ள நூறு டிகிரிக்கு மேல சூடான தண்ணி பிரஷர்ல கொதிக்காம நிக்குது, மூடி திறந்த அந்த நொடி கொதிச்சு மூஞ்சில அடிக்கும்.

முதல் வேலை, ரேடியேட்டருக்கு மேல் பக்கம் போற ஹோஸைக் கையால அமுக்கிப் பாருங்க. ராத்திரி முழுக்க ஆறின வண்டில அது மெத்துனு இருக்கணும். கல்லு மாதிரி இருந்தா, மூடியை மெதுவா திருப்பும்போது புஸ்ஸுன்னு காத்து போனா, அது கொதிச்ச பிரஷர் இல்ல, என்ஜின் ஆறினதும் அந்த பிரஷர் இறங்கியிருக்கும். சிலிண்டர்ல இருந்து வந்த கேஸ் உள்ளயே அடைஞ்சு நிக்குதுன்னு பெரிய சந்தேகம் வரணும்.

அடுத்து கூலன்டை வாய் வரைக்கும் நிரப்பிட்டு, மூடி இல்லாமலே ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. நாலஞ்சு பெரிய குமிழி வந்து நின்னுடுச்சுன்னா உள்ள இருந்த காத்துதான். ஆனா சோடா பாட்டில் திறந்த மாதிரி சின்னச் சின்ன குமிழி விடாம வந்துக்கிட்டே இருந்தா, லேசா ரேஸ் குடுத்தா அதிகமானா, இல்ல ஸ்டார்ட் பண்ண உடனே தண்ணியைத் துப்பினா, அது எரிஞ்ச கேஸ். என்ஜின் சூடானதும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடற வால்வுதான் தெர்மோஸ்டாட், அது திறக்கறதுக்கு முன்னாடி, அதாவது என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி இதைப் பாத்து முடிச்சுடுங்க, அப்புறம் தண்ணி விரிஞ்சு தானாவே வழியும், குழப்பம்தான். என் வண்டில ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துல கடுகு சைஸ்ல குமிழி வரிசையா ஒரே ஓரத்துல இருந்து மேல வந்துச்சு, ரெண்டு மூணு நிமிஷம் குனிஞ்சு பாத்துட்டே நின்னேன், நிக்கவே இல்ல. சில வண்டில ரேடியேட்டர்ல மூடியே இருக்காது, பிரஷர் டேங்க்லதான் பாக்கணும்.

குமிழி சந்தேகமா இருந்தா பிளாக் டெஸ்டர்னு ஒரு சாமான் ஆன்லைன்ல கிடைக்குது. நீலக் கலர் திரவம் ஊத்தின குழாயை ரேடியேட்டர் வாயில வெச்சு மேல இருக்கற பந்தை அமுக்கி அமுக்கி உள்ள இருக்கற காத்தை இழுக்கணும், எரிஞ்ச கேஸ்ல இருக்கற கார்பன் டை ஆக்சைடு பட்டா நீலம் மஞ்சளா மாறும். கூலன்ட் அந்த குழாய்க்குள்ள ஏறிடாம பாத்துக்கோங்க, ஏறினா டெஸ்ட் வீண், அதனால மட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டு வைங்க. டீசல் வண்டில ஸ்லோவுல ஓடும்போது புகையில கார்பன் டை ஆக்சைடு கம்மி, அதனால மாறலன்னாலும் கேஸ்கெட் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பெட்ரோல் வண்டினா பிளக்கைக் கழட்டி வரிசையா ஒரு பேப்பர்ல வைங்க, எது எந்த சிலிண்டர்னு எழுதிக்கோங்க. எனக்கு இதுதான் பிடிச்ச டெஸ்ட், காசே இல்ல. என்னோடதுல மூணு பிளக் லேசான பழுப்பு, மூணாவது சிலிண்டர் பிளக் மட்டும் கழுவித் துடைச்சு வெச்ச மாதிரி வெள்ளையா இருந்துச்சு. உள்ள போற தண்ணி ஆவியாகி கரியை எல்லாம் கழுவிடுது. போன்ல மாட்டற சின்ன கேமரா இருந்தா பிளக் ஓட்டை வழியா விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்க, மத்ததெல்லாம் கருப்பா இருக்கும், ஒழுகற சிலிண்டர்ல மட்டும் பளபளன்னு அலுமினியம் தெரியும்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்ளோ பிரஷர் வருதுன்னு பிளக் ஓட்டைல கேஜ் மாட்டிப் பாக்கறது. இதுக்கு எல்லா பிளக்கையும் கழட்டிட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு, காயில் கனெக்டரையும் பிடுங்கிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர்ல என்ஜினைச் சுத்தணும், பேட்டரி நல்லா சார்ஜ் இருக்கணும். பெட்ரோல் என்ஜின்ல சாதாரணமா 150ல இருந்து 200 பி.எஸ்.ஐ.க்குள்ள வரும், அந்த நம்பரை விட நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதுதான் முக்கியம். பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து குறைஞ்சிருந்தா நடுவுல கேஸ்கெட் போயிருக்குன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அந்த ஓட்டைல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங், ஏறலன்னா வால்வு இல்லன்னா கேஸ்கெட். ஆனா எனக்கு வந்த நம்பர் 175, 175, 165, 170. இதை மட்டும் பாத்திருந்தா என்ஜின் அருமையா இருக்குன்னு வண்டியை ஓட்டிட்டுப் போயிருப்பேன்.

அங்கதான் காத்து டெஸ்ட் கைகுடுத்துச்சு. எங்க தெரு பஞ்சர் கடை அண்ணன்கிட்ட வண்டியைத் தள்ளிட்டுப் போனேன், மூணாவது சிலிண்டர் பிஸ்டன் மேல வந்து ரெண்டு வால்வும் மூடியிருக்கற இடத்துல நிறுத்தி, அடாப்டர் வழியா கம்ப்ரசர் காத்தை உள்ள விட்டோம். காத்து பிஸ்டனைத் தள்ளும், என்ஜின் சுத்தும், அதனால கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் போடுங்க, கிராங்க் போல்ட்ல ஸ்பேனரை மாட்டி வெச்சுட்டு விடாதீங்க. இப்ப காத்து எங்க போகுதுன்னு காது குடுத்துக் கேக்கணும். ஆயில் மூடி பக்கம் உஸ்ஸுன்னா ரிங், சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம்னா இன்டேக் வால்வு. என்னோடதுல பத்து செகண்ட் ஒண்ணுமில்ல, அப்புறம் ரேடியேட்டர் வாயில பளக் பளக்குன்னு குமிழி. அண்ணன் எட்டிப் பாத்துட்டு "ஆமா தம்பி, உள்ள உடைஞ்சிருக்கு"ன்னார்.

புகையைப் பத்தி ஒரு வார்த்தை. காலைல குளிர்ல வர்ற வெள்ளைப் புகை வெறும் நீராவி, சூடானா நின்னுடும். என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியா வந்து, ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிச்சா அது கூலன்ட். டீசல்ல இன்ஜெக்டர் கெட்டாலும் வெள்ளைப் புகை வரும், வாடையை வெச்சுப் பிரிங்க.

கேஸ்கெட் மேல பழி போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய மத்த ஆளுங்களும் இருக்காங்க. வாட்டர் பம்ப் அடியில சின்ன ஓட்டை இருக்கும், அங்க கூலன்ட் காஞ்ச கறை தெரியுதா பாருங்க. உள்ள முன் சீட் கால் மிதியடிக்குக் கீழ கார்பெட் ஈரமா இருந்தா ஹீட்டர் கோர், அதாவது உள்ள சூடு குடுக்கற குட்டி ரேடியேட்டர், ஒழுகலாம். டீசல் வண்டில ஈ.ஜி.ஆர். கூலர்னு, என்ஜினுக்குத் திரும்பப் போற புகையை கூலன்டால ஆற வைக்கற பாகம் உண்டு, அது உள்ளுக்குள்ள ஒழுகினா தண்ணி குறையறதும் வெள்ளைப் புகையும் அச்சு அசலா கேஸ்கெட் மாதிரியே இருக்கும், இதை மறந்துட்டு ஹெட்டைக் கழட்டினவங்க உண்டு. கூலன்ட் டேங்க்ல ஆயில் மிதந்தா ஆயில் கூலரையும் பாக்கணும். ஹெட்லயே வெடிப்பு இருந்தாலும் எல்லா டெஸ்டும் ஒரே மாதிரிதான் காட்டும், அது கழட்டினப்புறம்தான் தெரியும்.

உறுதி ஆயிடுச்சுன்னா ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க. ஆயில்ல தண்ணி கலந்து ஓட்டினா பேரிங் போயிடும். காலைல ஸ்டார்ட்டர் அடிச்சதும் டொக்குன்னு ஒரு சத்தத்தோட நின்னா திரும்ப அடிக்கவே கூடாது, சிலிண்டர்ல தண்ணி நின்னிருந்தா அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். லீக் அடைக்கற பாட்டிலை ஊத்தறது எனக்கு உடன்பாடே இல்ல, ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் சேத்து அடைச்சுடும். வடிச்ச கூலன்டை தெருவுல ஊத்தாதீங்க, இனிப்பா இருக்கறதால நாய் பூனை நக்கும், செத்துடும்.

ஹெட் இறங்கினதும் பட்டறைல நின்னு ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, நேர் பட்டையை வெச்சு, ஃபீலர் கேஜ்ங்கற இடைவெளி அளக்கற மெல்லிசு தகடை விட்டு வளைவு பாத்தீங்களா, பல சின்ன என்ஜின்ல 0.05 மி.மீ. தான் லிமிட், அதைத் தாண்டினா லேத் பட்டறைல ஃபேசிங், அதாவது அடிப்பக்கத்தை சீவி சமமாக்கறது, போட்டே ஆகணும், கூடவே வெடிப்பு இருக்கான்னு பிரஷர் டெஸ்டும். ரெண்டாவது, ஏன் சூடாச்சு? ஃபேனா, தெர்மோஸ்டாட்டா, அடைச்ச ரேடியேட்டரா? அதை சரி பண்ணாம புது கேஸ்கெட் போட்டா அதுவும் போகும். என்னோடதுல வளைவு லிமிட்டைத் தாண்டியிருந்துச்சு, ஃபேசிங் போட்டு, புது போல்ட், புது ஃபேன் மோட்டர் போட்டோம்.

வண்டி வந்த பிறகு சிஸ்டத்துல இருக்கற காத்தை முழுசா எடுத்துட்டு, ஓவர்ஃப்ளோ டப்பாவுல மார்க்கரால ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க. முதல் ரெண்டு மூணு நாள் மிச்ச காத்து வெளிய வந்து கொஞ்சம் இறங்கும், நிரப்பிட்டு புதுக்கோடு போடுங்க. அப்புறம் ஒரு மாசம், தினமும் காலைல சாவி போடறதுக்கு முன்னாடி ஒரு பார்வை. என் டப்பாவுல ரெண்டாவது கோடு போட்டதுல இருந்து கூலன்ட் அந்தக் கோட்டுலயேதான் நிக்குது.