மழை நாளில் பெர்கன்: கப்பல் பயணிகளுக்கு ஒரு நடைவழி

நார்வேயின் பெர்கனில் கப்பல் நிற்கும் நாளுக்கு, மழை பெய்யும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். வெயில் அடித்தால் அது இலவச இணைப்பு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஆனால் பல நாட்களில் அது விட்டு விட்டுத்தான் பெய்யும். கப்பலிலேயே உட்கார்ந்து மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவருக்கு நாள் முழுக்கப் போய்விடும். ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குப் பத்து நிமிட நடையாகத் தாவுகிறவர் ஊரின் முக்கால் பங்கைப் பார்த்துவிடுவார்.

இதற்கு முதல் கருவி 'யர்' என்ற செயலி. நார்வே வானிலைத் துறையும் அந்நாட்டு அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. அதில் நாளின் படத்தைப் பார்க்காதீர்கள், எல்லா நாளும் மேகமும் துளியுமாகத்தான் இருக்கும். மணிவாரி மில்லிமீட்டரைப் பாருங்கள். மணிக்கு 1 மில்லிமீட்டருக்குள் என்றால் தூறல், தாராளமாக நடக்கலாம். 3, 4 என்று போனால் அந்த ஒரு மணி நேரத்தை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். இரவு பார்த்ததை நம்பாமல், இறங்கும் முன் மறுபடி பார்க்க வேண்டும். அதைக் கப்பலின் வைஃபையில் பாருங்கள். கடலில் கப்பலின் செல்பேசி வலையமைப்பு தானாகப் பிடித்துக்கொண்டால் கட்டணம் தாளாது, கரை சேரும் வரை ஏர்பிளேன் மோடு இருக்கட்டும்.

உடுப்பு

துறைமுகத்தை ஒட்டிக் காற்று சுழன்றடிக்கும். சாதாரணக் குடை இரண்டு முறை மேல்நோக்கி விரிந்தால் கம்பி ஒடிந்துவிடும். தொப்பி இணைந்த மழை ஜாக்கெட்தான் இங்கே குடை. தொப்பியின் கயிற்றை இறுக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்; இல்லாவிட்டால் தலையைத் திருப்பும்போது தொப்பி திரும்பாது, வண்டி வருவது தெரியாது. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சும், மாலை வரை காயாது. மெல்லிய செயற்கை இழைப் பேன்ட், அதன் மேல் மழைப் பேன்ட் போதும்.

காலணிக்கு ஆழமான வரிகள் கொண்ட ரப்பர் அடி வேண்டும். வழுவழுப்பான அடிப்பாகத்தோடு ஈர மரப்பலகையில் நடக்க முடியாது. இந்த ஊரின் மிக அழகான சந்துகள் மரப்பலகை போட்டவை. பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். மதியம் அதை மாற்றும்போதுதான் அதன் அருமை தெரியும். கண்ணாடியையும் கேமரா லென்ஸையும் துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணி: ஒன்று ஈரமாகிவிட்டால் அது துடைக்காது, பூசும்.

எந்தத் துறையில் நிற்கிறது?

இதை முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கோல்டன் துறை என்றால் அதிர்ஷ்டம். இறங்கியதும் பெர்கன்ஹுஸ் கோட்டை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய வணிகத்துறையான ப்ரிக்கென். யெக்டெவிக்கன் என்றால் சரக்குத் துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், இலவசப் பேருந்தில்தான் வெளியே வர வேண்டும். திரும்பும் நேரத்தில் மழை வலுத்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் அந்தப் பேருந்துக்கு நிற்பார்கள். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலை: சந்துகள் முதலில்

கப்பல்கள் எட்டு மணிக்கே வந்துவிடும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் பத்து மணியை ஒட்டித்தான் திறக்கும். இந்த இடைவெளியில் ப்ரிக்கெனின் உட்சந்துகளுக்குப் போங்கள். முகப்பை மட்டும் படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இழப்பது இதைத்தான். உள்ளே மாடித் தாழ்வாரங்கள் சந்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் சுவரை ஒட்டி நடந்தால் பெருமழையிலும் அதிகம் நனையமாட்டீர்கள். தாழ்வாரத்தின் விளிம்புக்கு நேர்கீழே மட்டும் நிற்காதீர்கள், கூரைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்கும். பலகையில் குதிகாலை ஊன்றி நடந்தால் வழுக்கும். அடியை முழுதாகப் பதித்து, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள்.

ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் 1360 வாக்கில் இங்கே கிளை அமைத்தார்கள். வடக்கிலிருந்து வந்த கருவாட்டு மீனை வாங்கி, தானியத்தைக் கொடுத்தார்கள். 1702-ல் ஊர் பற்றி எரிந்தபின் பழைய அமைப்பிலேயே மறுபடி கட்டியவைதான் இன்று நாம் பார்க்கும் மர வீடுகள். 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அந்தக் காலத்தில் தீக்குப் பயந்து இந்த மரக் கட்டடங்களில் அடுப்புக்குத் தடை இருந்தது. குளிர்காலத்தில் சமையலுக்கும் சூட்டுக்கும் பின்னால் தனியாக இருந்த கூடங்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் கூடங்கள் 'ஷூட்ஸ்டூவெனெ' என்ற பெயரில் அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஈரச் சந்தில் ஒரு மணி நேரம் நின்று விரல் விறைத்த பிறகு அங்கே போனால், எதற்காகக் கட்டினார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கதவு திறந்ததும் ப்ரிக்கென்ஸ் அருங்காட்சியகம். மழை நாளில் எல்லாப் பயணிகளும் பதினோரு மணிக்கு மேல் இதற்குள்தான் ஒதுங்குவார்கள், அதனால் முந்திக்கொள்வது நல்லது. 1955-ல் ப்ரிக்கெனின் ஒரு பகுதி எரிந்தது. அந்தச் சாம்பலுக்கு அடியில் தோண்டியபோது கிடைத்த அடித்தளங்களின் மேலேயே இதைக் கட்டி 1976-ல் திறந்தார்கள். இங்கே நேரம் கொடுக்க வேண்டியது, ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் பொறித்த குச்சிகளுக்கு. அகழாய்வில் 600-க்கும் மேல் கிடைத்தன. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டு, பிரார்த்தனை, காதல் வரி என்று எல்லாம் உண்டு. ஒன்றில், 'நீ வீட்டுக்குப் போகணுமாம், கியூதா சொல்கிறாள்' என்ற பொருளில் ஒரே வரி. அரசர்களின் கல்வெட்டைவிட இது நெருக்கமாக இருக்கிறது.

நுழைந்தவுடன் கேமராவை எடுக்காதீர்கள். வெளியே குளிர்ந்த லென்ஸ் உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்றில் பனித்துவிடும். பத்து நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஜாக்கெட்டையும் பெரிய பையையும் வாசலில் மாட்டிவிட்டால் உங்களுக்கும் சுகம். கழிப்பறையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், வெளியே பெரும்பாலும் கட்டணம்.

அடுத்தது ஹோகோன் மண்டபம், கோட்டைக்குள். மன்னர் ஹோகோன் ஹோகோன்சன் கட்டியது. 1261-ல் அவர் மகன் மக்னுஸின் திருமணம் இங்கே நடந்தது. 1944 ஏப்ரல் 20 அன்று துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்ததில் கூரை போய்விட்டது. இன்றிருப்பது போருக்குப் பின் மீட்டது. அரை மணி நேரம் போதும்.

ஃப்ளோயென் மலை: சீட்டு வாங்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

மழை நாளில் பணம் வீணாவது இங்கேதான். 1918 முதல் ஓடும் இழுவை ரயில் சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். நகரின் நடுவிலிருந்து அண்ணாந்து பாருங்கள். மேல் நிலையக் கட்டடம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அங்கிருந்து நகரமும் தெரியாது. வெள்ளைச் சுவரைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டாம். முன்கூட்டியே நேரம் குறித்து வாங்கி மாட்டிக்கொள்வதைவிட, மேகம் விலகும் அரை மணி நேரத்தில் செல்பேசியிலேயே சீட்டு எடுத்து ஏறுவது புத்திசாலித்தனம். எடுக்கும்போது போக மட்டும் எடுத்தால் இறங்கி நடந்து வரலாம், முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் ஈரத்தில் குறுக்குப் பாதைகளில் மர வேர் வழுக்கும், அகலமான சரளைப் பாதையை விடாதீர்கள்.

மேகம் விலகவே இல்லை என்றால் அந்த நேரத்தை 'கூடெ' கலைக்கூடங்களுக்குக் கொடுங்கள். மீன் சந்தையிலிருந்து பத்து நிமிடம், ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும். எல்லாக் கட்டடத்திலும் ஏறி இறங்க வேண்டாம், ரஸ்முஸ் மேயர் தொகுப்புக்குப் போங்கள். எட்வர்ட் மங்கின் ஓவியங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கோடைக்கு வெளியே வருகிறவர்கள் திங்கள்கிழமை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டமே பிடிக்காதவர்களுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செயின்ட் யோர்கன் மருத்துவமனை, இப்போது தொழுநோய் அருங்காட்சியகம். தொழுநோய்க் கிருமியை 1873-ல் கண்டறிந்த ஆர்மவர் ஹான்சன் இந்த ஊர்க்காரர். நடுக்கூடத்தைச் சுற்றி நோயாளிகள் வாழ்ந்த குறுகிய அறைகள். கடைசி இருவர் 1946-ல்தான் இறந்தார்கள். பயணத் திட்டங்களில் அதிகம் வராத இடம், கோடையில்தான் முறையாகத் திறக்கும். இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் மலையைவிட இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

சாப்பாட்டுக்கு மீன் சந்தையின் திறந்தவெளிக் கூடாரம் வேண்டாம்: விலை அதிகம், ஓரத்தில் சாரல். கண்ணாடி அடைத்த உள்கூடத்தில் பாலாடை சேர்த்த மீன் சூப் கேளுங்கள். சிக்கனமாக வேண்டுமானால் ரொட்டிக் கடையில் 'ஷில்லிங்ஸ்பொல்ல' என்ற இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. நாணயம் குரோன், அட்டையே எங்கும் செல்லும், பணம் மாற்றத் தேவையில்லை.

திரும்பும்போது

பிரிட்டிஷ் துறைமுகத்திலிருந்து கிளம்பிய சில கப்பல்கள் பிரிட்டன் நேரத்தையே வைத்திருக்கும். நார்வே அதைவிட ஒரு மணி நேரம் முன்னால். செல்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். 'எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம்' எந்தக் கடிகாரப்படி என்று இறங்கும்போது வாசலில் கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கே வைத்துவிடுங்கள். அந்த நேரம் கப்பல் புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ அதற்கு மேலோ முன்னதாக இருக்கும்.

கேபினில் காயவைப்பது தனிக் கலை. பெரும்பாலான கப்பல்களில் கேபின் சுவர் இரும்புத் தகடுதான்; நாலு காந்தக் கொக்கி கொண்டுபோனால் ஜாக்கெட்டுகளைக் குளிர்காற்று வரும் துளைக்கு அருகே மாட்டலாம். குளியலறையில் இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் காலுறைக்கு அது. ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும், மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததாகும். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. தோல் ஷூவுக்கு ஹேர் டிரையரைக் கிட்டே காட்டாதீர்கள், ஒட்டுப்பசை விட்டுப்போய் அடுத்த துறையில் அடிப்பாகம் வாயைப் பிளக்கும்.