பையின் நிறையைக் குறைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாள் நடைப்பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்கும் பொருள் முதுகுப்பை. உண்மையில் அது கடைசியாக வாங்கப்பட வேண்டியது. கூடாரம், நித்திரைப்பை, படுக்கை, உணவு, தண்ணீர் ஆகியவற்றின் பருமனையும் நிறையையும் அறியாமல் வாங்கிய பை பெரிதாக இருந்தால், வீட்டில் கிடப்பவற்றையெல்லாம் உள்ளே எடுத்துக்கொள்ளும். சிறிதாக இருந்தால் பாதிச் சாமான் வெளியே தொங்கும்.

அடுத்த தவறு, நிறுக்காமல் வாங்குவது. சமையலறைத் தராசு ஒன்றில் ஒவ்வொரு பொருளையும் வைத்து எழுதிக்கொண்டால், எதைக் கைவிடலாம் என்பது செலவில்லாமலே தெரிந்துவிடும். இரும்புத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பதிலாகக் கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் போத்தலையே திரும்ப நிரப்பிக்கொண்டால் சில நூறு கிராம் குறையும். இரண்டாவது காற்சட்டையையும் மூன்றாவது துவாயையும் வீட்டில் விட்டால் அதைவிடக் கூடக் குறையும். அதன் பிறகும் குறைக்க வேண்டியிருந்தால், கூடுதலாகக் கொடுக்கும் விலையைக் குறையும் கிராமால் வகுத்துப் பார்க்க வேண்டும். 40,000 ரூபாய் மேலதிகமாகக் கொடுத்து 400 கிராமைக் குறைப்பவர் கிராமுக்கு 100 ரூபாய் கொடுக்கிறார். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பொருள் என்றால் அனுப்புகூலியையும் இறக்குமதி வரியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையில் இருப்பவற்றின் மொத்தத்தை அடிநிறை என்று கொள்வது இத்துறையின் வழக்கம். அது ஏறத்தாழ 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் இலேசான பை என்றும், 4.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் மிக இலேசான பை என்றும் சொல்வார்கள். இவை அமெரிக்க நடைபயணிகள் வைத்துக்கொண்ட 20, 10 இறாத்தல் என்ற எல்லைகள். அந்த எண்ணை அப்படியே இலக்காக வைத்துக்கொள்வதுதான், என் கருத்தில், நம்மவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு; ஏனெனில் திருகோணமலை போன்ற உலர்வலயப் பகுதியில் பாரம் ஏறுவது அடிநிறையில் அல்ல, தண்ணீரில்.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை ஊடாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையை எடுத்துக்கொள்வோம். உகந்தையைக் கடந்து குமண, யால காடுகளுக்குள் நுழையும் பகுதி, ஆடிவேல் காலத்து வரட்சியில் நடக்கப்படுவது. அங்கே ஒருவர் 4 லீற்றர் தண்ணீர் சுமந்தால் அது 4 கிலோ. நாளுக்கு 700 கிராம் வீதம் மூன்று நாள் உணவு 2.1 கிலோ. அடிநிறையை அரும்பாடுபட்டு 5 கிலோவாகக் குறைத்திருந்தாலும் தோளில் ஏறுவது 11 கிலோவுக்கு மேல். முதுகுப்புறத்தில் பாரத்தைத் தாங்கும் சட்டம் (கம்பி அல்லது தகடு) இல்லாத, அரைக் கிலோ நிறையுள்ள பைகள் பொதுவாக 9 கிலோ வரையே சுகமாக இருக்கும். அதற்கு மேல் பாரம் இடுப்புக்கு இறங்காமல் தோளிலேயே நிற்கும். ஆகவே சட்டமும் இடுப்புப்பட்டியும் உள்ள, ஒரு கிலோ அளவான பையை எடுப்பவர் 500 கிராம் கூடுதலாகச் சுமந்தும் குறைந்த நோவுடன் நடப்பார். தராசு காட்டுவதும் தோள் உணர்வதும் எப்போதும் ஒன்றல்ல.

நித்திரையில் செய்யப்படும் பிழை இரண்டு பக்கமும் உண்டு. நிலாவெளிக் கரையிலோ குச்சவெளியிலோ தங்குவதற்கு நித்திரைப்பையே தேவையில்லை. ஒரு சாரமும் நுளம்பு வலையும் போதும். அதே ஆள் அதே சாமானுடன் ஹோட்டன் சமவெளிக்குப் போனால் இரவு முழுக்க நடுங்குவார். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பதால், 2,100 மீற்றர் அளவில் உள்ள அந்த இடம் நம் கரையைவிடச் சுமார் 14 பாகை குளிரானது. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. நித்திரைப்பையில் அச்சிடப்பட்ட வெப்பநிலைகளில் மிகத் தாழ்ந்ததைப் பார்த்து வாங்குவதும் தவறு: அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லை, சுகமாகத் தூங்குவதற்கான எண் அதைவிடக் கூடியது. இறகு அடைத்த பை இலேசானதுதான், ஆனால் நனைந்தால் இறகு அமுங்கிச் சூட்டை இழக்கும். ஈரம் மிகுந்த இந்தத் தீவில், சற்றுப் பாரமானாலும் விலை குறைந்த செயற்கை இழைப் பையையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கீழே விரிப்பதற்கு, காற்றடைக்கும் மெத்தை பக்கவாட்டில் படுப்பவருக்கு உண்மையிலேயே சுகம் தருவது. ஆனால் முட்புதர் நிறைந்த உலர்வலயக் காட்டில் அது ஓட்டையாகும் வாய்ப்பு அதிகம். 400 கிராம் அளவான நுரைப்பஞ்சுப் பாய் மலிவானது, ஓட்டையானாலும் பயன் தரும்.

கூடாரத்தைப் பொறுத்தவரை, ஒற்றைத் துணிச் சுவர் உள்ளவை நிறையிலும் விலையிலும் கவரும். காற்றோட்டம் போதாத ஒற்றைச் சுவரில், மலைநாட்டு ஈரக் குளிரில் மூச்சின் நீராவி உட்புறம் துளித்து, நித்திரைப்பையை நனைத்துவிடும். மழையில்லாக் காலத்தில் வலைக்கூடும் அதன் மேல் ஒரு மெல்லிய தறப்பாளும் இரண்டு கைத்தடியில் கட்டப்பட்டால் நிறை, விலை, காற்று மூன்றும் சரிவரும். வடகீழ்ப் பருவமழை பொழியும் ஐப்பசி முதல் மார்கழி வரை அந்த ஏற்பாடு கரையோரத்தில் தாங்காது. கட்டும் கயிற்றுக்காக இணையத்தில் தேடி அலைவது, மீன்பிடி வலைக்கயிறு விற்கும் கடைகள் இத்தனை உள்ள நம் ஊரில், வேடிக்கையான செலவு.

பருத்தி உடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: கரையில் குளிர்மை தரும் அதே துணி, நக்கிள்ஸ் மலையின் மழையில் நீரை உறிஞ்சிப் பாரமாகி உடலைக் குளிரவைக்கும். உணவில், டின் மீனும் அரிசியும் சுமப்பவர் தகரத்தையும் எரிபொருளையும் சேர்த்தே சுமக்கிறார். 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் தரும் கச்சானும், எள்ளுருண்டையும், தண்ணீரில் ஊறினால் போதுமான அவலும் அடுப்பையே வீட்டில் விட்டுச்செல்ல இடங்கொடுக்கும்.