பக்கத்து மனையில் மாலும் டவரும் வருகிறதா? தெருக்காரர்கள் பார்க்க வேண்டியவை

கீழே மால், மேலே ஆபீஸ், பின்பக்கம் இருபது மாடி ஃப்ளாட், ஓரத்தில் ஒரு ஹோட்டல். இப்படி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் வருகிற வளாகங்கள் சென்னைக்குப் புதிதல்ல. ராயப்பேட்டையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் இருந்த இடம் 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ ஆனது, வேளச்சேரியில் 2013-ல் ஃபீனிக்ஸ் திறந்தது, 1996-ல் மூடிய பெரம்பூர் பின்னி மில் நிலத்தில் (சண்டைக்காட்சி எடுக்க சினிமாக்காரர்கள் ஓடிய அதே மில்தான்) இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அடுத்தது உங்கள் தெருமுனையில் இருக்கிற பழைய ஃபாக்டரியாகவோ தியேட்டராகவோ இருக்கலாம்.

தகர ஷீட் அடித்த அன்றே தெருவில் இரண்டு கட்சி உருவாகிவிடும். சொந்த வீட்டுக்காரர் "இனிமே நம்ம ஏரியாவுல கிரவுண்டு என்ன விலை போகும் பாருங்க" என்பார், இன்னொருவர் கோர்ட்டுக்குப் போய் நிறுத்திவிடலாம் என்பார். இரண்டு பேருமே தவறான இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நிலம் தனியாருடையது, மாஸ்டர் பிளானில் அதற்கு இடமும் இருக்கிறது என்றால் கட்டடம் வரத்தான் போகிறது. எத்தனை மாடி என்பதைவிட முக்கியமான கேள்வி, எத்தனை வாசல், அவை எந்தத் தெருவில் திறக்கின்றன என்பது. அதோடு தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் அடுத்த முப்பது வருடம் இவற்றில்தான் இருக்கிறது, இவற்றைத்தான் அஸ்திவாரம் தோண்டும் முன் பேசி மாற்றவும் முடியும்.

முதலில் காகிதங்களைத் தேடுங்கள்

சைட் வாசலில் உள்ள போர்டை போட்டோ எடுங்கள். திட்ட அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண், கட்டுகிறவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். போர்டே இல்லையென்றால் அதுவே ஒரு புகார். அனுமதி எண்ணை வைத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் அனுமதிக் கடிதத்தைத் தேடலாம். விற்பனைக்கு வரும் ஃப்ளாட்டுகள் இருந்தால் தமிழ்நாடு ரெரா தளத்திலும் விவரம் கிடைக்கும். ஆனால் மால் கடைகளையும் ஆபீஸையும் வாடகைக்கு மட்டுமே விடுவதாக இருந்தால் அந்தப் பகுதி ரெராவுக்குள் வராது, அங்கே தேடிக் கிடைக்கவில்லை என்று குழம்ப வேண்டாம்.

உண்மையான சுரங்கம், சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம். மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே (சுமார் 2.15 லட்சம் சதுர அடி) 2006-ம் வருட அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். நீங்கள் பயப்படுகிற அளவுள்ள எந்த வளாகமும் இந்தக் கணக்கைத் தாண்டிவிடும். விண்ணப்பத்தில் தண்ணீர்த் தேவை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு, பார்க்கிங் எண்ணிக்கை, எத்தனை ஜெனரேட்டர், தோண்டும் மண் எவ்வளவு, அது எங்கே போகும் என்று எல்லாவற்றையும் அவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிறகு வரும் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் பக்கம் பக்கமாக இருக்கும். போரடிக்கும், தெரியும். இருந்தாலும் ஒருவராவது உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஃபாக்டரி, சுரங்கம் போன்றவற்றுக்கு நடப்பதைப் போலப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டடத் திட்டங்களுக்குக் கிடையாது. கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருந்தால் கூரை போட்டு முடித்திருப்பார்கள். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் கேட்பார்கள்: குடியிருப்பு மண்டலத்தில் உள்ள நிலத்தை வணிக மண்டலமாக மாற்றக் கேட்டிருந்தால், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று செய்தித்தாளில் சின்ன எழுத்தில் ஒரு விளம்பரம் வரும். அந்தத் தேதியை விட்டால் போச்சு.

குழி தோண்டும் முன் உங்கள் வீட்டைப் படம் எடுங்கள்

இரண்டு மூன்று பேஸ்மென்ட் என்றால் முப்பது நாற்பது அடி ஆழக் குழி. சென்னையில் பல இடங்களில் அதற்கு ரொம்ப முன்பே நிலத்தடி நீர் வந்துவிடும், அதனால் ராப்பகலாக மோட்டார் போட்டு இறைப்பார்கள். அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கும், களிமண் பகுதியாக இருந்தால் மண் சுருங்கிப் பழைய வீடுகளில் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. பிறகு நீங்கள் போய்க் கேட்டால் வரும் முதல் பதில், "இந்த விரிசல் முன்னாடியே இருந்ததுங்க."

அதற்கு மறுபதில் இன்றைக்கே தயாராக வேண்டும். ஒவ்வொரு சுவரையும், காம்பவுண்டையும், படிக்கட்டையும் தேதி பதிவாகும்படி வீடியோ எடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, சுவரில் தேதி எழுதிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அதோடு யாரும் வாதாட முடியாது. கிணறு உள்ளவர்கள் கயிற்றில் கல் கட்டி வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் குறியுங்கள். செலவு பார்க்காமல் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வேலைக்கு முந்தைய நிலை அறிக்கை வாங்கி, ஒரு பிரதியை கட்டுகிற கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் அவர்களே தனி மரியாதையோடு பேச ஆரம்பிப்பார்கள்.

இறைத்த தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். சேறும் மணலுமாக மழைநீர் வடிகாலுக்குள் விட்டிருந்தால் அக்டோபரில் உங்கள் தெருதான் குளமாகும். கார்ப்பரேஷனின் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக் கணக்கு

தண்ணீர்க் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு 800 ஃப்ளாட் என்று வையுங்கள். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்பதுதான் வழக்கமான அளவு: நாளுக்கு 5,40,000 லிட்டர். ஆபீஸில் 6,000 பேர், ஆளுக்கு 45 லிட்டர்: 2,70,000. மொத்தம் 8,10,000 லிட்டர், மாலுக்கு வந்துபோகிறவர்களையும் ஹோட்டலையும் ஏசி கூலிங் டவரையும் இன்னும் சேர்க்கவே இல்லை. சுத்திகரித்த நீரை ஃப்ளஷுக்கு விட்டு மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும் 5,40,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு வராமல் இழுத்தடித்தால் இது முழுக்க 12,000 லிட்டர் லாரியில்தான் வரும், அதாவது தினம் 45 லாரி. போக 45, வர 45, உங்கள் தெரு வழியாக!

ஆகவே விண்ணப்பத்தில் "மெட்ரோ வாட்டர்" என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், மெட்ரோ வாட்டர் எத்தனை லிட்டர் தருவதாக எழுத்தில் ஒத்துக்கொண்டது என்று கேளுங்கள். வளாகத்துக்குள் போர் போட்டு இறைப்பதாக இருந்தால் 1987-ம் வருட சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. வணிகத் தேவைக்கு இறைக்க உரிமம் வேண்டும். மிஞ்சும் சுத்திகரித்த நீரைப் பாதாளச் சாக்கடையில் விடப்போகிறார்களா என்பது அடுத்த கேள்வி, ஏனென்றால் ஐம்பது வருடத்துக்கு முன் தனி வீடுகளுக்காகப் போட்ட குழாய் அதைத் தாங்காது, மேன்ஹோல் பொங்குவது தாழ்வாக இருக்கிற உங்கள் வீட்டு வாசலில்தான்.

வாசல்

வண்டிகள் பற்றி எல்லோரும் மெயின் ரோடு டிராஃபிக்கைத்தான் பேசுகிறார்கள். மெயின் ரோடு எப்படியோ சமாளித்துக்கொள்ளும், அடிபடுவது குறுக்குத் தெருக்கள். மாலிலிருந்து வெளியே வருகிறவர் இடப்பக்கம்தான் திரும்ப முடியும், யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்றால், அவர் அவ்வளவு தூரம் போகமாட்டார். உங்கள் தெருவுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுவார், மேப்பே அவருக்கு அந்த வழியைக் காட்டும். உள்ளே பார்க்கிங்குக்குக் காசு வாங்கினால் டூவீலர்கள் எல்லாம் உங்கள் கேட் முன்னால் நிற்கும். புக்கிங்குக்காகக் காத்திருக்கும் ஆட்டோ, கேப், உணவு டெலிவரி தம்பிகள் எல்லோரும் நிழல் இருக்கிற மரத்தடியைத்தான் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் நிற்பதற்கென்று வளாகத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். வரைபடத்தில் பின்தெருவில் இருந்த வாசலுக்கு தீயணைப்பு வண்டிக்கான வழி என்று போட்டிருந்தது. திறப்பு விழா முடிந்து கொஞ்ச நாளில் குப்பை வண்டி, தண்ணீர் லாரி, கடை ஊழியர்களின் பைக், விடிகாலை நாலு மணிக்குக் காய்கறி ஏற்றி வரும் வேன் எல்லாம் அந்த வாசலில்தான். செக்யூரிட்டியைக் கேட்டால், "முன் கேட்ல லாரி நின்னா கஸ்டமருக்கு இடைஞ்சல் சார், மேனேஜர் இந்தப் பக்கம் விடச் சொல்லிட்டாரு" என்றார். அனுமதித்த வரைபடத்தின் நகல் கையில் இருந்ததால்தான் பேச முடிந்தது. இப்போது அந்தக் கேட் ராத்திரியில் பூட்டியிருக்கிறது, பகலில் இன்னும் இழுபறிதான்.

எனவே வரைபடத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சரக்கு இறக்கும் இடம் எது, டிக்கெட் மெஷின் வாசலிலேயே நிற்கிறதா அல்லது உள்ளே தள்ளி இருக்கிறதா (வாசலில் இருந்தால் வரிசை ரோட்டுக்கு வரும்), பேஸ்மென்ட் சரிவுப் பாதை யார் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்க்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். உயரமான கட்டடங்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், அதிலும் நிபந்தனைகள் இருக்கும். வேலை தொடங்கும் முன்பே ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு திங்கள்கிழமை காலை தெருமுனையில் நின்று வண்டிகளை எண்ணி எழுதிவையுங்கள். பிறகு "முன்னாடி இவ்வளவு இல்ல சார்" என்பதற்குப் பதிலாக எண்ணைச் சொல்லலாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் வருட விதிகள்படி பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பகலில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் கான்கிரீட் லாரிகள் ராத்திரியில்தான் வருகின்றன. முழுசாக நிறுத்துவது நடைமுறையில் கஷ்டம். எந்தெந்த இரவு என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லச் சொன்னால் பெரும்பாலான சைட் இன்ஜினியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வாடகை

விலை ஏற்றத்தால் லாபம் விற்கிறவருக்கு. அங்கேயே இருக்கப்போகிறவருக்கு அந்தக் காசு காகிதத்தில்தான். வாடகைக்காரர்கள் முதலில் கிளம்புவார்கள், மாடி வீடு பி.ஜி. ஹாஸ்டலாகும், கீழ்வீடு டெலிவரி கம்பெனி கோடவுனாகும். டீக்கடை பிழைத்துக்கொள்ளும், சைட்டில் வேலை செய்கிறவர்கள் காலத்திலிருந்தே அதற்கு வியாபாரம்தான். மளிகைக் கடை அண்ணாச்சிதான் திண்டாடுவார். வாடகை வீட்டில் இருந்தால் ஒப்பந்தத்தை இப்போதே இரண்டு மூன்று வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யக் கேளுங்கள். நல்லதும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம்: தெருவிளக்கு, பஸ் வசதி, நடந்து போகிற தூரத்தில் வேலை.

அதைவிட, ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடு) நிலத்தை விட்டுவிடாதீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. அது ஊர்ச் சொத்து. ஆனால் அதைக் காம்பவுண்டின் கடைசி மூலையில் ஒதுக்கி, செக்யூரிட்டியைத் தாண்டித்தான் போக முடியும் என்றால் அது ஃப்ளாட்காரர்களின் தோட்டமாகிவிடும். பொதுத் தெருவிலிருந்து நேர் வழி, கார்ப்பரேஷன் போர்டு, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

யாரிடம், எப்போது

பத்து ரூபாய் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுதான் அடிப்படை, முப்பது நாளில் பதில் வர வேண்டும். "இந்தத் திட்டம் சட்டப்படியானதா?" என்று கேட்டால் ஒன்றும் வராது. அனுமதித்த வரைபட நகல், போக்குவரத்துக் காவல்துறை சான்று, மெட்ரோ வாட்டர் கடிதம், ஓஎஸ்ஆர் தானப் பத்திரம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் கவுன்சிலர், ஏரியா சபைக் கூட்டம், மண்டல அலுவலகம். மனுவில் பத்துக் கோரிக்கை வேண்டாம், மூன்று போதும்: எந்த வாசல், எந்த நேரத்தில் லாரி, எந்த வடிகால். சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதென்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் செலவை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டுகிறவர் உங்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளும் இன்னொரு காலம், சிஎம்டிஏவின் பணி நிறைவுச் சான்றுக்கு முந்தைய சில மாதங்கள். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு சுற்றுச்சுவரை ஒரு சுற்று நடந்து, வாசல், வடிகால், ஓஎஸ்ஆர் மூன்றும் காகிதத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைப் படத்தோடு சிஎம்டிஏவுக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். திறந்த பிறகும் நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றி ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் அறிக்கை தர வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் சங்கத்தில் யாராவது ஒருவர் போனில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.