காரின் ஹூட் துணி தொங்கினால்: பலகையை இறக்கித்தான் ஒட்ட வேண்டும்

காரின் கூரைக்கு உட்பக்கமாக ஒட்டியிருக்கும் துணிதான் ஹூட் துணி. அது தொங்கி, பின்சீட்டில் இருப்பவரின் தலையில் உரசத் தொடங்கியதும் பலர் குண்டூசி குத்துவார்கள், அல்லது ஊசிக்குழலால் துணிக்குள் கம் செலுத்துவார்கள். குண்டூசி கொஞ்ச நாள் தாங்கும். கம் அந்தளவுகூடத் தாங்காது. போதாததற்குத் துணியில் மஞ்சள் கறை ஊறிவிடும்.

காரணத்தை விரலாலேயே பார்க்கலாம். தொங்கும் இடத்தில் துணியைச் சற்று உரித்து அதன் முதுகைத் தேய்த்தால் செம்மஞ்சளாக ஒரு தூள் ஒட்டும், தொட்டால் பிசுபிசுக்கும். துணிக்குப் பின்னால் இருந்த 3 மில்லிமீற்றர் ஸ்பொன்ஞ் அது. துணி ஸ்பொன்ஞ்சைப் பிடித்திருக்கும், ஸ்பொன்ஞ் பலகையை, அதாவது கூரைத் தகட்டுக்கு அடியில் பொருத்திய வார்ப்புத் தட்டை, பிடித்திருக்கும். இரண்டு ஒட்டும் நன்றாகவே இருக்கும்போது நடுவில் உள்ள ஸ்பொன்ஞ் உளுத்துவிடுகிறது. பொலியூரிதேன் ஸ்பொன்ஞ்சுக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடக்கும் மட்டக்களப்புக் கல்லடியிலும், கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோரத்திலும் இரண்டுக்கும் குறைவில்லை. உளுத்த தூளின் மேல் எந்தக் கம்மைப் பூசினாலும் அது தூளைத்தான் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது. அதனால்தான் பலகையை இறக்கி, பழையதை முழுக்கச் சுரண்டி, புதுத்துணி ஒட்ட வேண்டும்.

இந்த முறை வகன் ஆர், அல்டோ, விட்ஸ், அக்சியோ போல வார்த்த பலகை உள்ள வாகனங்களுக்கு. மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் தைத்த துணியைக் கம்பிகளில் கோத்திருப்பார்கள். அது தையல்காரர் வேலை.

நாள் பார்த்துத் தொடங்குங்கள். மாரியில் வேண்டாம். கம்மில் உள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதில் நீராகப் படிந்து வெள்ளையாகப் பூக்கும். பூத்த கம் ஒட்டாது. கச்சான் என்னும் சூடான வறண்ட காற்று அடிக்கும் மத்தியானமும் உதவாது, ஏனென்றால் கம் அளவுக்கு மிஞ்சி வேகமாகக் காயும், மேலே மணலும் படியும். மழை விட்ட பின் மாசி, பங்குனி நல்லது. கச்சான் காலமென்றால் விடிகாலையில் ஒட்டி முடித்துவிடுங்கள்.

துணி வாங்கும்போது முதுகில் ஸ்பொன்ஞ் ஒட்டி வரும் ஹூட் துணியையே கேளுங்கள். குஷன் வேலைக்காரருக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 60 அங்குல அகலத்தில் 2 மீற்றர் சிறிய காருக்குப் போதும். ஆனாலும் பலகையை அளந்து, நான்கு பக்கமும் 3 அங்குலம் கூட்டியே வெட்டுங்கள். மருதமுனைக் கைத்தறி அழகாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அழகுதான், ஆனால் அது இழுபடாது, பலகையின் குழிவுகளில் மடிப்பு விழும், ஸ்பொன்ஞ் இல்லாததால் கம்மும் வெளியே ஊறும். கம் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகடு 70 பாகை செல்சியஸைத் தொடக்கூடியது. சாதாரண ஸ்பிரே கம் அந்தச் சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் கொன்டக்ட் கம் ஒன்றரை லீற்றர் வாங்குங்கள். உடையும் கிளிப்புகளுக்காக மாற்றுக் கிளிப் ஒரு டசினும் வாங்கிவையுங்கள்.

கழற்றும் முன், கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களின் உறையில் எஸ்.ஆர்.எஸ். எயார்பேக் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹூட் ஓரத்துக்குள் எயார்பேக் சுருண்டு கிடக்கிறது என்று அர்த்தம். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி 10 நிமிடம் காத்திருந்தே தொடங்குங்கள். பிறகு சன் வைசர், கைபிடிகள், உள் லைட், தூண்களின் உறைகள், டோர் பீடிங் (கதவோர ரப்பர்) என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கைபிடியின் ஸ்குரு சிறிய மூடிக்குள் ஒளிந்திருக்கும். எந்த ஸ்குரு எங்கிருந்து வந்தது என்று எழுதி, சிறிய பைகளில் போடுங்கள். கடைசிக் கிளிப்பை எடுக்கும்போது ஒருவர் பலகையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்சீட்டுகளைச் சாய்த்து, பலகையை வளைக்காமல், காரின் பின்னால் மேலே தூக்கித் திறக்கும் கதவு வழியாக எடுங்கள். டிக்கி உள்ள காரில் பின்சீட்டுக் கதவால் சரித்து எடுக்கலாம். பலகை மடிந்தால் அந்தக் கோடு புதுத்துணிக்கு மேலாலும் தெரியும்.

கூரைத் தகடு வெறுமையாகத் தெரியும் இந்த நேரத்தில் மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பழைய துணியில் கபில நிற வளையம் இருந்திருந்தால் ஏரியல் அடியிலோ தகட்டு மூட்டிலோ ஒழுக்கு இருக்கும். அதை இப்போதே அடைக்க வேண்டும்.

பழைய துணி இழுத்தவுடன் வந்துவிடும். தூள்தான் வேலை. முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து, நைலோன் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள். கம்பி பிரஷ் பலகையைக் கீறிவிடும். தின்னர் ஊற்றிக் கழுவினால் தூள் களியாகிப் பலகைக்குள் இறங்கும். உள்ளங்கையால் தடவும்போது கையில் ஒன்றும் ஒட்டாத நிலை வரும்வரை விடாதீர்கள். அங்கே மிஞ்சும் ஒரு பிடி தூளில்தான் அடுத்த வருடக் கொப்புளம் தொடங்கும். பலகையில் வெடிப்பு இருந்தால் பின்பக்கத்தில் துணிப்பட்டி வைத்து ஒட்டி, ஒரு இரவு காயவிடுங்கள். சில பலகைகளில் ரிஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரை) இருக்கும். கம் அதைக் கரைத்துவிடும், ஆகவே பின் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

இனி ஒட்டுவது. துணியைப் பலகையில் விரித்து, நடுக்கோட்டைச் சரிபார்த்து, முன்பாதியைப் பின்னால் மடியுங்கள். பலகையில் கம் இரண்டு தடவை, முதல் நீளவாக்கில், பிறகு குறுக்காக. துணியின் ஸ்பொன்ஞ்சில் ஒரே ஒரு மெல்லிய தடவை. கூடினால் முகப்புக்கு ஊறிவிடும். விரல் முதுகால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் கம் விரலோடு வரக்கூடாது. அதுதான் பதம். பதம் வருமுன் துணியை வைத்தால் உள்ளே அகப்பட்ட ஆவி பிறகு கொப்புளமாகக் கிளம்பும். கம் நெருப்புப் பற்றக்கூடியது. அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் வேண்டாம்.

நடுவிலிருந்து வெளியே, உள்ளங்கையால் தடவிக்கொண்டு போங்கள். வைசர் வரும் பள்ளம், லைட்டைச் சுற்றிய குழிவு ஆகியவற்றில் நிதானம் வேண்டும். இங்கே துணியை இழுத்துக் குழிவின் மேல் பந்தல் போல விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முதலில் பார்க்க அழகாக இருக்கும், இரண்டு வெயில் கண்டதும் கழன்று எழும். துணியைத் தளர்வாக விட்டு, விரல் நுனியால் முதலில் குழிவின் அடியில் அழுத்தி, பிறகு சுவரில் ஏற்றி, அதன் பிறகே மேட்டுக்குப் போங்கள். முன்பாதி முடிந்ததும் பின்பாதியையும் இப்படியே செய்யுங்கள்.

24 மணி நேரம் விட்டு, ஓரங்களைப் பின்பக்கம் ஓர் அங்குலம் மடித்து ஒட்டுங்கள். லைட் துவாரத்தை வட்டமாக வெட்டாமல், பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போட்டு நுனிகளை உள்ளே மடியுங்கள். ஸ்குரு துவாரங்களை ஊசியால் பின்னிருந்து குத்தி அடையாளம் பிடியுங்கள்.

பலகையைத் திரும்பப் பூட்டும்போது உடைந்த கிளிப்புக்குப் பதிலாக ஓரத்தைத் தகட்டோடு கம்மால் ஒட்டாதீர்கள். எயார்பேக் விரியும்போது ஹூட்டின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும், ஒட்டிய ஓரம் அதைத் தடுக்கும். எல்லா உறையும் பூட்டிய பிறகே பற்றரி வயரை மாட்டுங்கள். இரண்டு நாள் கண்ணாடிகளை இறக்கி நிழலில் விடுங்கள். குழிவில் ஓரிடம் எழும்பினால் ஊசி ஏற்றாதீர்கள். பக்கத்து ஓரத்தைத் திறந்து அந்த இடம்வரை உரித்து, இரண்டு பக்கமும் கம் பூசி, பதம் பார்த்து மறுபடி அழுத்துங்கள்.