டைனோபிளாஜெல்லேட் சிஸ்ட்: புதிய சிற்றினம் என்று எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைனோபிளாஜெல்லேட்டுகள் இரண்டு கசையிழைகளை அடித்து நீந்தும் ஒருசெல் உயிரிகள். அவற்றில் ஒரு பகுதி மட்டும், பெரும்பாலும் பாலினக் கலப்புக்குப் பின், கெட்டியான உறைக்குள் ஒடுங்கி அடிமண்ணில் போய்ச் சேரும். அந்த உறைதான் சிஸ்ட். டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளாலான அதன் சுவரை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்கூடக் கரைப்பதில்லை. அதனால்தான் பாறையைக் கரைத்த பிறகும் சிஸ்ட் எஞ்சுகிறது. நாம் விவரிப்பது இந்த உறையை மட்டுமே, நீந்திய செல்லை அல்ல. இதை மறந்து எழுதப்பட்ட விவரிப்புகள் இன்றும் குழப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஸ்லைடில் இருப்பதிலேயே அழகான ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு அதை மட்டும் விவரிப்பது. லிங்குலோடினியம் மக்கேரோபோரம் என்ற சிஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரின் உப்புத்தன்மையையும் வெப்பநிலையையும் பொறுத்து அதன் முட்களின் நீளம் மாறுகிறது. உப்பு குறைந்த நீரில் முட்கள் குட்டையாகிவிடும். ஆப்பர்குலோடினியம் சென்ட்ரோகார்ப்பமும் பால்டிக் கடல் போன்ற இடங்களில் இப்படித்தான் குட்டை முட்களோடு கிடைக்கிறது. இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் பார்க்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சிற்றினம் என்று எழுதிவிடுவார். நடுவில் உள்ள வடிவங்களையும் சேர்த்து வரிசையாக வைத்தால் ஒரே சிற்றினம்தான் என்பது புரியும். ஆகவே, கிடைத்த மாதிரிகளை எல்லாம் அளந்து, குறைந்த அளவு, சராசரி, கூடிய அளவு, எத்தனை மாதிரி என்று நான்கையும் எழுதுங்கள். முட்களைச் சேர்த்து அளந்தீர்களா, நடுவுடலை மட்டும் அளந்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். '60 மைக்ரான்' என்று மொட்டையாக எழுதினால் அடுத்தவர் எதோடு ஒப்பிடுவார்?

முட்கள் கண்ணைக் கவரும். ஆனால் சிஸ்டின் அடையாளம் ஆர்க்கியோபைலில்தான் இருக்கிறது. உள்ளிருக்கும் செல் வெளியேறத் திறக்கும் வாசல் அது. 1830-களில் ஜெர்மன் இயற்கையியலாளர் எரன்பெர்க் தீக்கல்லுக்குள் இந்த முள்ளுருண்டைகளைப் பார்த்தபோது, சாந்திடியம் என்ற நன்னீர்ப் பாசியாக நினைத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் இவற்றில் பல, இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாமலே கிடந்தன. 1960-களின் தொடக்கத்தில் புதைபடிவ ஆய்வாளர் வில்லியம் எவிட், அவற்றில் பலவற்றில் உள்ள திறப்பு, நீந்தும் செல்லின் கவசத் தட்டுகளின் எல்லைகளை ஒட்டியே அமைந்திருக்கிறது, ஆகவே இவை டைனோபிளாஜெல்லேட் சிஸ்ட்கள் என்று காட்டினார். சான்று கிடைக்காத மிச்சத்துக்கு 1963-இல் 'அக்ரிடார்க்' என்று பெயர் வைத்தார்.

இங்கே தவறு எப்படி நடக்கிறது என்றால், சுவரில் ஒரு கிழிசலைப் பார்த்ததும் அதை ஆர்க்கியோபைல் என்று எழுதிவிடுகிறார்கள். கிழிசல் தட்டு எல்லைகளைப் பார்ப்பதில்லை, இஷ்டத்துக்கு ஓடும். ஆர்க்கியோபைல் அப்படி இல்லை. மூலைகளோடு தெளிவான விளிம்பு இருக்கும், மாதிரிக்கு மாதிரி அதே இடத்தில் இருக்கும். முதுகுப்புறத்தில், இடையைச் சுற்றி ஓடும் பள்ளத்துக்கு மேலுள்ள தட்டு வரிசையின் மூன்றாம் தட்டு மட்டும் கழன்றிருந்தால் ஒரு வகை; உச்சித் தட்டுகள் மொத்தமாகக் கழன்றிருந்தால் வேறு வகை. கழன்ற மூடியையும் தேட வேண்டும். ஓடோன்டோகைட்டினா என்ற கொம்புள்ள சிஸ்டில் மேல்கொம்போடு சேர்ந்த மூடி தனியாகக் கிடப்பது சாதாரணம். அதைத் தனி உயிரியாக நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது இட வலக் குழப்பம். இதற்குப் பாடநூல்கள் தரும் இடம் போதாது என்பது என் எண்ணம். சிஸ்ட் ஒளி ஊடுருவும் பொருள். ஃபோகஸை மேலே வைத்தால் நம்மைப் பார்த்திருக்கும் சுவரை வெளியிலிருந்து பார்க்கிறோம். மெல்லக் கீழே இறக்கினால் எதிர்ச்சுவரை உள்ளிருந்து பார்க்கிறோம். அப்போது தெரிவது அந்தப் பக்கத்தின் கண்ணாடி பிம்பம். இதைத் திருப்பாமல் அப்படியே வரைந்தால் தட்டு அமைப்பு முழுவதும் இடம் வலமாகிவிடும். அரியோலிகெரா, கிளாஃபிரோசிஸ்டா என்ற சிஸ்ட் பேரினங்களில் ஆர்க்கியோபைல் விளிம்பில் உள்ள வயிற்றுப்புறப் பள்ளம் நடுவிலிருந்து சிஸ்டின் இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஃபோகஸைக் கவனிக்காதவர் 'வலப்பக்கம் ஒதுங்கியது' என்று எழுதி, அதையே புதிய சிற்றினத்தின் சிறப்பு அம்சமாகவும் காட்டிவிடலாம்.

நுண்ணோக்கி படத்தைத் தலைகீழாகச் சுழற்றும், ஆனால் கண்ணாடி போல் புரட்டாது. கேமராவும் மென்பொருளும் சில சமயம் புரட்டிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. அச்சிட்ட ஒரு எழுத்தை, 'க' என்றே வைத்துக்கொள்ளுங்கள், நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படம் எடுங்கள். படத்தை எப்படிச் சுழற்றினாலும் 'க' சரியாக வரவில்லை என்றால் எங்கோ புரட்டல் நடக்கிறது. ஒவ்வொரு படத்தின் விளக்கத்திலும் எந்தப் பக்கம், மேல் ஃபோகஸா கீழ் ஃபோகஸா என்று எழுதும் வழக்கம் இதனால்தான் வந்தது.

சரி, சிதைவுக்கு வருவோம். பைரைட் படிகங்கள் சுவருக்குள் வளர்ந்து, பிறகு கரைந்துபோனால், நேர்த்தியான குழிகள் மிஞ்சும். அவை அலங்காரம் மாதிரியே தெரியும். நசுங்கிய சிஸ்டின் மடிப்பு, தட்டுகளின் எல்லைவரி போலத் தெரியும். ஆய்வகமும் தன் பங்கைச் செய்யும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சிஸ்டை உப்ப வைக்கலாம். நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்ஸிஜனேற்றிகள் புரோட்டோபெரிடினிய வகையின் பழுப்பு நிற மெல்லிய சிஸ்ட்களை அழித்துவிடும். 'இந்த அடுக்கில் அவை இல்லை' என்று எழுதுவதற்கு முன், ஆக்ஸிஜனேற்றம் செய்யாத ஒரு ஸ்லைடைப் பாருங்கள்.

மாதிரி எங்கிருந்து வந்தது என்பதும் விவரிப்பின் ஒரு பகுதி. துளைக்கிணற்றுத் துகள்களில் மேலடுக்குப் பொருள் கீழே சரிந்து விழும். பழைய பாறையிலிருந்து அரித்து வந்த சிஸ்ட் இளைய படிவில் கலந்திருக்கும். புதிய சிற்றினத்தின் மூல மாதிரியை (ஹோலோடைப், அதாவது பெயர் எதைச் சார்ந்து நிற்கிறதோ அந்த ஒரே மாதிரி) நிலவெளிப் பாறையிலிருந்தோ, துளையிட்டு முழுத் தண்டாக எடுத்த பாறையிலிருந்தோ எடுப்பதே நல்லது.

வகைப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. 1960-களில் டேவிட் வால், பேரி டேல் என்ற ஆய்வாளர்கள் கடலடி மண்ணில் உயிரோடிருந்த சிஸ்ட்களை முளைக்க வைத்தார்கள். புதைபடிவ ஆய்வில் வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்ட சிஸ்ட்களிலிருந்து கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா வகைச் செல்களே வெளிவந்தன. அதனால் சிஸ்டுக்கு ஒரு பெயர், செல்லுக்கு ஒரு பெயர் என்ற இரட்டை வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஸ்பினிஃபெரைட்டிஸ் என்ற சிஸ்ட் பேரினம் போலத் தெரிகிறது என்பதற்காகக் கிரெட்டேசியஸ் காலச் சிஸ்டைக் கோனியாலாக்ஸில் வைக்காதீர்கள். அந்தக் காலச் செல்லை யாரும் பார்த்ததில்லை.

பெயரிடலில் நல்ல வேலைகூட வீணாகிப் போவதுண்டு. புதைபடிவ டைனோபிளாஜெல்லேட்டுகள் பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பின் கீழ் வருகின்றன. விலங்கியல் விதிகளைப் பார்த்து எழுதினால் சிக்கல்தான். 1990 முதல், ஹோலோடைப் எந்த நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது என்று சொல்ல வேண்டும். 1996 முதல், புதைபடிவப் பெயருக்கு லத்தீன் அல்லது ஆங்கில விவரிப்பு கட்டாயம். 2001 முதல், வெளியிடும் படங்களில் ஒன்றாவது மூல மாதிரியுடையது என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பெயர் செல்லாது. பேரினப் பெயரின் லத்தீன் இலக்கணப் பாலுக்கு (ஆண்பால், பெண்பால்) ஏற்ப சிற்றின அடைமொழியும் மாறும். எரன்பெர்க்கின் சாந்திடியம் ராமோசம், ஸ்பினிஃபெரைட்டிஸுக்கு மாறியதும் ராமோசஸ் ஆனது. வைக்க நினைக்கும் பெயர் ஏற்கெனவே உண்டா என்று டைனோஃபிளாஜ் தரவுத்தளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதிரிதான் கிடைத்தது என்றால் பெயரே வைக்க வேண்டாம். 'சிற்றினம் ஏ' என்று படத்தோடு வெளியிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

அப்புறம், ஹோலோடைப் இருக்கும் இடம். உங்கள் நுண்ணோக்கியின் மேடை எண்களை மட்டும் கொடுத்தால் வேறொரு நுண்ணோக்கியில் அவை உதவாது. இங்கிலாந்து ஃபைண்டர் (எண்ணிட்ட கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகடு) எண்ணைக் கொடுங்கள், ஸ்லைடு எந்தப் பக்கமாக வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூடுகண்ணாடியின் மேல் மாதிரியைச் சுற்றி மையால் ஒரு வளையமும் இடுங்கள். கிளிசரின் ஜெல்லி காலப்போக்கில் உலர்ந்து சுருங்கும் என்பதால் ஓரங்களை நன்றாக அடைத்துவிட வேண்டும். அதே ஸ்லைடிலும் வேறு ஸ்லைடுகளிலும் உள்ள துணை மாதிரிகளுக்கும் இதே விவரங்களைக் கொடுத்தால், ஹோலோடைப் கெட்டுப்போனாலும் பின்னால் வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது மிஞ்சும்.