ஜீவனாம்ச வழக்கில் எக்ஸ்பார்ட்டி உத்தரவு: ரத்து மனு போடுவது எப்படி?

நீங்கள் கோர்ட்டுக்குப் போகாத நிலையில், அதாவது எக்ஸ்பார்ட்டியாக, குழந்தைக்கு மாதாமாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டதா? எல்லாரும் முதலில் கேட்பது அப்பீல். தமிழ்நாட்டில் இந்த வழக்குகளில் பெரும்பாலும் முதல் வழி அதுவல்ல. உத்தரவு போட்ட அதே கோர்ட்டில்தான் ரத்து மனு போட வேண்டும்.

1. வழக்கு எண்ணைப் பாருங்கள். எம்.சி. என்றிருந்தால் ஜீவனாம்ச வழக்கு. 2024 ஜூலை 1-க்கு முன் தாக்கலானவற்றுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 126(2), அன்றும் அதற்குப் பின்னும் தாக்கலானவற்றுக்கு அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 145(2). கெடு, உத்தரவு தேதியிலிருந்து 3 மாதம். சிவில் வழக்கென்றால் 30 நாள்தான். குடும்ப வன்முறைச் சட்ட வழக்கில் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் உண்டு, அதற்கும் 30 நாள். பிரிவை மாற்றிப் போட்டால் மனு நம்பராகாமல் (கோர்ட் எண் பெறாமல்) திரும்பும். அதற்குள் கெடு ஓடிவிடும். இனி வருவது எம்.சி. வழக்குகளுக்கு.

2. வழக்குக் கட்டைப் (கோர்ட் ஃபைலை) பார்வையிடுங்கள். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கும்போதே, சம்மன் எப்படிச் சார்வானது (உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டது) என்பதையும் வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். திரும்பி வந்த பதிவுத் தபால் உறை கட்டில் இருக்கும். அதன்மேல் தபால்காரர் எழுதிய ஒரு வரியும் தேதியும்தான் முக்கியம். ‘கதவு பூட்டியுள்ளது’ என்பது வேறு, ‘வாங்க மறுத்தார்’ என்பது வேறு. மறுத்ததாக இருந்தால் சம்மன் சார்வானதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அது பொய் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். உறையில் உள்ள விலாசத்தில் அந்தத் தேதியில் நீங்கள் குடியிருந்தீர்களா என்றும் பாருங்கள்.

3. பிரமாணப் பத்திரம். பல மனுக்கள் தோற்பது இங்கேதான். ‘தொகை அதிகம்’, ‘அவள் என்னை மதிக்கவில்லை’ என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கோர்ட் கேட்பது ஒன்றே: ஏன் வரவில்லை? வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை என்று தேதிவாரியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சான்று வையுங்கள்: வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம். வருமானம், சொத்து, கடன் பற்றிய தனிப் பிரமாணப் பத்திரத்தையும் தயார் செய்யுங்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது.

4. கெடு தாண்டியிருந்தால் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இன் கீழ், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் டிலே மனுவும் சேர வேண்டும். நாள் கணக்கு துல்லியமாக இருக்கட்டும். 2025 மார்ச் 5 உத்தரவுக்கு ஜூன் 5 கெடு. ஜூன் 27-இல் தாக்கல் செய்தால் தாமதம் 22 நாள்.

5. தடை கேளுங்கள். ரத்து மனு போட்டதாலேயே வசூல் நிற்காது. பாக்கிக்கு வாரண்ட் வரலாம். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. தனியாகத் தடை மனு போடுங்கள். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வதும், எதிர்த் தரப்புக்குச் செலவுத் தொகை தரச் சொல்வதும் வழக்கம், பணத்தோடு போங்கள். மனு நிலுவையில் இருக்கும்போதும் முடிந்ததைக் குழந்தைக்கு வங்கி வழியே மாதாமாதம் அனுப்புங்கள். பள்ளிக் கட்டணமும் சாப்பாடும் வாய்தா பார்த்து நிற்பதில்லை. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது.

மனு தள்ளுபடியானால் சீராய்வு மனு, 90 நாளுக்குள். குடும்ப நல நீதிமன்ற உத்தரவென்றால் உயர் நீதிமன்றத்துக்கு. மாஜிஸ்திரேட் உத்தரவென்றால் செஷன்ஸ் கோர்ட்டிலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற தொலைபேசி எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

மனு ஏற்கப்பட்டால் வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். அடுத்த வாய்தா தேதியை அங்கேயே குறித்துக்கொண்டு, எதிருரையை அன்றே தாக்கல் செய்யுங்கள். இரண்டாவது முறையும் எக்ஸ்பார்ட்டி ஆனால் ரத்து வாங்குவது மிகக் கடினம்.